ஒரு ஆள் டென்ட்: கனமும் குறையணும், காசும் குறையணும்

ஆடிக் காற்று ஓய்ந்து ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால்தான் டென்ட் பற்றிய கேள்விகள் அதிகம் வரும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: தனியாகப் போகிறேன், முதுகில் சுமக்கணும், பணம் அதிகம் இல்லை, எதை வாங்கலாம்? நம் குமரி மாவட்டம் சின்னது. ஆனால் உப்புக்காற்று வீசும் கடற்கரை, ஆளைத் தள்ளும் ஆரல்வாய்மொழிக் கணவாய், இரண்டு பருவமழையும் நனைக்கும் மலையடிவாரம் எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. அதனால் எங்கே விரிக்கப்போகிறீர்கள் என்று எழுதியவர்களுக்குத்தான் என்னால் உருப்படியாகப் பதில் சொல்ல முடிந்தது.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: அண்ணா, எனக்க கையில 5,000 ரூபாதான் உண்டு. ஒரு கிலோவுக்குள்ள டென்ட் கிடைக்குமா? கடையில காட்டுறது எல்லாம் இரண்டரை கிலோ வருது.

தம்பி, 5,000 ரூபாயில் ஒரு கிலோவைப் பிடிவாதமாகத் தேடினால் ஒற்றைத் துணி மட்டும் உள்ள, காற்றோட்டமே இல்லாத பொருள்தான் கையில் வந்து சேரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்குள் படுத்தால் விடியும்போது உடுப்பெல்லாம் நனைந்திருக்கும். மழையே பெய்திருக்காது, அத்தனையும் உங்கள் மூச்சும் வியர்வையும்தான். உள்ளே வலை, மேலே தனியாக மழைத்துணி என்று இரண்டு அடுக்கு உள்ளதாகப் பாருங்கள். அலுமினியக் கம்பியுடன் இரண்டு கிலோவுக்குள் வந்தால் தாராளமாக வாங்கலாம்.

கடையில் நீங்கள் பார்த்த இரண்டரை கிலோ டென்ட் அநேகமாக இரண்டு பேருக்கானது, கண்ணாடி இழைக் கம்பி போட்டது. அது மோசமான பொருள் இல்லை. பைக்கில் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அதையேதான் சொல்வேன். நடந்து போகிறவருக்குத்தான் அந்த அதிகப்படி அரைக் கிலோ, முக்கால் கிலோ தோளில் உறுத்தும்.

இன்னொரு வழியும் உண்டு. நடைக்கம்பை நட்டு நிறுத்துகிற டென்ட். இதில் தனிக் கம்பியே கிடையாது என்பதால் கனம் வெகுவாகக் குறையும். லான்ஷன் 1 இந்த வகைதான், சுமார் 900 கிராம். நேச்சர்ஹைக் கிளவுட் அப் 1 கம்பியோடு வருவது, ஒன்றரை கிலோவை ஒட்டி இருக்கும். இரண்டும் புதிதாக உங்கள் தொகைக்குள் வருவது சிரமம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கமும் சேரும். சக மாணவர் யாராவது விற்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். நடைக்கம்பு இல்லையே என்று கவலை வேண்டாம். ஒன்றேகால் மீட்டர் நீளத்தில் நல்ல மூங்கில் கம்பு ஒன்றை நறுக்கி, இரண்டு முனையையும் வழவழப்பாகச் சீவி, பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிவிட்டால் துணியைக் குத்தாது. நானே அப்படி இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

அட்டையில் போட்டிருக்கும் எடையை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். முளையும் கயிறும் பையும் சேர்க்காத எடையைச் சிலர் பெரிய எழுத்தில் போடுவார்கள். வாங்கியதும் காய்கறிக் கடைத் தராசில் மொத்தமாக வைத்துப் பாருங்கள்.

குலசேகரம்: 3,000 மி.மீ. நீர் தாங்கும் என்று எழுதியிருந்த டென்ட். ஒரே மழையில் ஒழுகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

அந்த எண் துணிக்கு மட்டும் உரியது. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீரை ஏற்றிக்கொண்டே போனால், எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை கசியாமல் தாங்கும் என்பதுதான் கணக்கு. மேல்துணிக்கு 1,500 இருந்தாலே நம் மழைக்குப் போதும். தரைத்துணிக்குத்தான் கூடுதலாக வேண்டும். நனைந்த மண்ணில் நீங்கள் முழங்காலை ஊன்றும்போது மழைத்துளியை விடப் பல மடங்கு அழுத்தம் அந்த ஒரு இடத்தில் விழுகிறது.

நீர் நுழைவது பெரும்பாலும் தையல் வழியாக. ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. மேல்துணியை உட்புறம் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். தையல் ஓரமெல்லாம் மெல்லிய நாடா ஒட்டியிருக்க வேண்டும். இருபுறமும் சிலிக்கான் பூசிய துணியில் நாடா ஒட்டாது, அதற்கு வெளிப்பக்கத்தில் சிலிக்கான் பசையைத் தூரிகையால் தடவி ஒரு நாள் காயவிட வேண்டும். சாதாரணப் பூச்சுள்ள துணியில் சிலிக்கான் பிடிக்காது, உரிந்துவிடும். அதற்கு வேறு பசை. எந்தப் பூச்சு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: “கீழே பெரிய பாலித்தீன் விரிப்பும் போட்டிருந்தேன்.” காரணம் அதுவாகவே இருக்கலாம். பேச்சிப்பாறைப் பக்கம் தெரிந்தவர் ரப்பர் தோட்டத்தில் ஒரு ராத்திரி நானும் அதே தவறைச் செய்தேன். விரிப்பு டென்டை விட ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேல்துணியில் வழிந்த மழை நேராக அந்த ஓரத்தில் விழுந்து, விரிப்புக்கும் டென்டின் அடித்துணிக்கும் நடுவே தேங்கியது. நடுச்சாமத்தில் கையை ஊன்றினால் தண்ணீர்ப் படுக்கை மாதிரி தளும்புகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் தையல் வழியே முத்து முத்தாக மேலே வருகிறது. பால் வெட்ட ஆட்கள் தலையில் விளக்கோடு வரும் வரை பையின் மேல் உட்கார்ந்தே இருந்தேன். விரிப்பை டென்டின் அடியை விட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் சின்னதாக வெட்டுங்கள். ஒரு மூலை கூட வெளியே தெரியக்கூடாது.

எந்த டென்டையும் முதல் தடவை மொட்டை மாடியில் விரித்து, மூலைகளில் செங்கல் கட்டி, தோட்டத்துக் குழாயால் அரை மணி நேரம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் தேதி முடிவதற்குள் இதைச் செய்யணும்.

தோவாளை: எங்கள் பக்கக் காற்றுக்கு எந்த டென்ட் நிற்கும்?

முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பதே அந்தக் காற்றை நம்பித்தான். ஆனி ஆடியில் கணவாய்க்கு நேரே விரிக்கவே வேண்டாம், மதிலோ பாறையோ மறைவாக இருக்கிற இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள். மற்ற மாதங்களில் தாழ்வான, ஒரு பக்கம் சரிந்த வடிவம் நல்லது. சரிந்த பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி, வாசலை எதிர்ப்புறம் வையுங்கள்.

கண்ணாடி இழைக் கம்பி ஓரளவுக்கு மேல் வளையாது, நீளவாக்கில் பிளந்துவிடும். பிளந்த சிலாம்பு விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம், துணியையும் கிழிக்கும். அலுமினியம் வளைந்து நிற்கும், விடிந்ததும் மெதுவாக நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். காற்றுள்ள ஊர்க்காரர் அதிகப் பணம் கொடுப்பதானால் கம்பிக்குக் கொடுங்கள். விரலளவு தடிமனில் ஒரு சாண் அலுமினியக் குழாய்த் துண்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உடைந்த இடத்தின் மேல் அதை ஏற்றி இன்சுலேஷன் டேப் சுற்றினால் ராத்திரியை ஓட்டிவிடலாம்.

இழுகயிறுகளைச் சுருட்டிய சுருளோடு அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவற்றைக் கட்டாத டென்ட் பாதி டென்ட்தான். நைலான் துணி நனைந்தால் தொய்யும் என்பதால் படுப்பதற்கு முன் ஒரு தடவை இறுக்கிவிடணும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது.

குளச்சல்: கடற்கரை மணலில் முளை நிற்கவே மாட்டேங்குது. வேறு முளை வாங்கணுமா?

வாங்க வேண்டாம். நாலு துணிப்பை போதும். பையில் மணலை நிரப்பி வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து மிதித்துவிடுங்கள். காற்று எவ்வளவு இழுத்தாலும் கிளம்பாது. முளையையே படுக்கைவாட்டில், நடுவில் கயிறு கட்டிப் புதைத்தாலும் நிற்கும். கயிறு உங்கள் ஊர் வலைக்கடையிலேயே கிடைக்கும். மெல்லிய நைலான் கயிறு, கறுப்பு வேண்டாம், ராத்திரியில் தடுக்கும்.

மணலை விட எனக்குக் கவலை தருவது கடல்தான். உங்கள் ஊரில் கள்ளக்கடல் என்றால் விளக்க வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில் திடீரென்று ஏறி வரும். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள்களில்தான். கரையில் கட்டுமரமும் வள்ளமும் எவ்வளவு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கும் மேலேதான் டென்ட். அங்குள்ள மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விரியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கம்பி மூட்டுகளையும் ஜிப்பையும் அலசுங்கள். உப்பு ஜிப்பைத் தின்றுவிடும். காய்ந்த பிறகு மெழுகுவர்த்தியை ஜிப்பின் பல்லில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

நாகர்கோவில்: நான் ஆறு அடி. ஒரு ஆள் டென்டில் கால் நீட்ட முடியுமா?

உள்நீளம் 215 செ.மீ.க்குக் குறைந்தால் வாங்காதீர்கள். சரிந்த சுவரில் தலையும் காலும் முட்டினால் அங்கே கோத்திருக்கும் ஈரம் போர்வையில் இறங்கிவிடும்.

தக்கலை, ஆசிரியை: விடுமுறையில் தனியாக சைக்கிளில் போவேன். உள்ளே உட்கார்ந்து உடை மாற்ற வசதி வேண்டும். ராத்திரி விளக்குப் போட்டால் நிழல் தெரியுமோ என்றும் ஒரு யோசனை.

சகோதரி, தெரியும். வெளிர்நிறத் துணியில் நன்றாகவே தெரியும். கரும்பச்சை, பழுப்பு நிறத் துணி எடுங்கள். மேல்துணி தரையிலிருந்து நாலு விரல் உயரம் வரை இறங்கி வருகிறதா என்று பாருங்கள். சில மலிவு டென்டில் அது தொப்பி மாதிரி மேலே மட்டும் உட்கார்ந்திருக்கும். அது உங்களுக்கும் ஆகாது, சாய்ந்தடிக்கும் மழைக்கும் ஆகாது. விளக்கைப் பையில் பாதி மறைத்து மங்கலாக வைத்தால் நிழல் குறையும். உள்ளே ஒரு மீட்டர் உயரம் இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து உடை மாற்றலாம். 90 செ.மீ. என்றால் குனிந்தே இருக்க வேண்டிவரும். சைக்கிள் என்பதால் கனத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகளை மட்டும் தனியாகச் சட்டத்தில் கட்டினால் பை சின்னதாகிவிடும். எங்கே தங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும், கோயில் வளாகத்திலோ சர்ச் மைதானத்திலோ இருட்டுவதற்கு முன்பே போய் அனுமதி கேட்பவருக்கு இடம் மறுத்தவர்களை நம் மாவட்டத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இரணியல்: தூக்கிப்போட்டால் தானே விரியும் டென்ட் விலை குறைவாக இருக்கிறதே?

மடித்தால் பெரிய தாம்பாளம் மாதிரி வட்டமாக நிற்கும், முதுகுப் பைக்குள் போகாது. காரில் போய் மதியம் நிழலில் உட்கார நல்லது. மலைக்கும் மழைக்கும் வேண்டாம்.

அருமனை: மழை நேரத்தில் டென்டுக்குள்ளேயே சின்ன ஸ்டவ்வில் கட்டன் சாயா போடலாமா?

கூடாது. துணி நொடியில் பற்றும். மூடிய இடத்தில் எரியும் அடுப்பு விடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஃபிளாஸ்க் கொண்டு போங்கள்.

பூதப்பாண்டி: கீரிப்பாறை, காளிகேசம் காட்டுக்குள் ஒரு ராத்திரி தங்க ஆசை. எந்த டென்ட்?

டென்டை விட அனுமதி முதலில். அந்தக் காடு வனவிலங்கு சரணாலயத்தோடு சேர்ந்தது, யானையும் கரடியும் நடமாடும் இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே தங்குவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2018இல் குரங்கணிக் காட்டுத்தீயில் அத்தனை பேர் உயிரிழந்த பிறகு மலையேற்ற விதிகள் இன்னும் கடுமையாகிவிட்டன, அது சரிதான் என்பது என் எண்ணம். 2024இல் மாநில அரசு 40 மலைப்பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு நடக்கத் திறந்தது. பெரும்பாலும் பகலிலேயே முடிகிற நடை, டென்ட் தேவைப்படாது. ராத்திரி ஆசைக்கு, அடிவாரத்தில் தெரிந்தவர் தோட்டத்தில் விரித்துக் காட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டு படுங்கள். காய்ந்த தென்னையோலை, பட்ட மரக்கிளை தலைக்கு மேலே இல்லாத இடமாக இருக்கட்டும்.

கருங்கல், ஒரு அம்மா: மகன் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டான். அவன் டென்ட் பரண்மேல் கிடக்கிறது. திறந்தால் புளித்த வாடை. துவைத்துக் கொடுத்தால் யாராவது வாங்குவார்களா?

அம்மா, முதலில் மேல்துணியின் உள்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, செதில் செதிலாக உரிந்தாலோ நீர் காக்கும் பூச்சு செத்துவிட்டது. ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் அந்தப் பூச்சு அப்படித்தான் அழுகும். பிறகு எதைத் தடவினாலும் திரும்பாது. அதை விற்க வேண்டாம், வாங்குகிறவர் மழையில் மாட்டிக்கொள்வார். உள்வலையும் கம்பியும் நன்றாக இருந்தால் மொட்டை மாடியில் கொசுவலையாகப் பல வருடம் ஓடும்.

ஒட்டவில்லை, வெறும் பூஞ்சை வாடைதான் என்றால் காப்பாற்றிவிடலாம். வாஷிங் மெஷினில் போடாதீர்கள். பெரிய அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரக் கரைசல், மெல்லிய பஞ்சால் துடைப்பு, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசல். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக்கூடாது. கொடியில் நிழலில் காயப்போடுங்கள். நேர்வெயில் துணியின் இழையையே மக்கச்செய்யும். மடிப்புக்குள்ளும் மூலைகளிலும் ஈரம் ஒளிந்திருக்கும், அதனால் இரண்டு நாள் கிடக்கட்டும். பிறகு அதன் சின்னப் பைக்குள் திணிக்காமல், பழைய பருத்தி வேட்டி ஒன்றில் தளர்வாக முடிந்து அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பரண் வேண்டாம், ஓட்டுச் சூடு நேரே இறங்கும். மகன் லீவுக்கு வரும்போது அவனையே ஒரு தடவை மாடியில் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.