வருமானம் ஏறும்போது தட்டில் என்ன மாறுகிறது? – கேள்வி பதில்

நாடு பணக்கார நாடானால் மக்கள் அதிகம் சாப்பிடுவார்கள், அவ்வளவுதானே?

ஓரளவுக்குத்தான். வயிற்றுக்கு ஓர் எல்லை உண்டே! வருமானம் இரட்டிப்பானால் சாப்பாடு இரட்டிப்பாவதில்லை, அதன் வகை மாறுகிறது. கிழங்கும் தானியமும் மெல்லப் பின்வாங்கும். எண்ணெய், சர்க்கரை, அப்புறம் பால், முட்டை, இறைச்சி என்று உள்ளே வரும். வருமானம் ஏற ஏற மாவுச்சத்து உணவின் பங்கு சுருங்கும் என்பதை மெரில் பென்னெட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1941-லேயே சொல்லிவிட்டார்.

ஏழை நாடுகளில் உணவு மலிவு என்கிறார்கள். பிறகு ஏன் சம்பாத்தியமெல்லாம் சாப்பாட்டுக்கே போகிறது?

விலையை விடுங்கள், செலவில் எத்தனை பங்கு என்று பாருங்கள். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை அலசி, ஏழைக் குடும்பத்தில்தான் உணவின் பங்கு அதிகம் என்று 1857-ல் எழுதினார் ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல். (மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸ் வேறு ஆள், பலரும் குழம்புவார்கள்.) இன்றும் அது மாறவில்லை. அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குச் செலவிடுவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நைஜீரியாவில் அது பாதிக்கும் மேல். அதனால்தான் 2008-ல் தானிய விலை எகிறியபோது, வசதியான நாடுகள் முணுமுணுத்ததோடு சரி, ஏழை நாடுகளில் மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

அப்படியானால் கடைசியில் எல்லா நாடும் அமெரிக்கா மாதிரிதான் சாப்பிடுமா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானைப் பாருங்கள். 1962-ல் ஓர் ஆள் ஆண்டுக்கு 118 கிலோ அரிசி சாப்பிட்டார். இன்று அதில் பாதிகூட இல்லை. இந்த வரைக்கும் பென்னெட் சொன்னபடியே நடந்தது. ஆனால் அரிசி விட்டுப்போன இடத்தை இறைச்சி முழுதாகப் பிடிக்கவில்லை. அங்கே ஆளுக்கு இறைச்சி அளவு, அமெரிக்க அளவில் பாதியைக்கூடத் தொடவில்லை. சீனாவிலோ 1960-களின் தொடக்கத்தில், பஞ்ச காலத்தில், ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்து கிலோகூட இல்லாத இறைச்சி இன்று 60 கிலோவைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் வருமானம் ஏறியபோது இறைச்சியைவிடப் பாலுக்குத்தான் மவுசு கூடியது. பணம் கதவைத் திறந்துவிடும். உள்ளே எது வரும் என்பது பழக்கம், மதம், நிலம், இறக்குமதிக் கொள்கை எல்லாம் சேர்ந்து முடிவாகிறது.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 3,800 கலோரி என்று அமெரிக்காவுக்குக் கணக்கு பார்த்தேன். நிஜமா?

அது சந்தைக்கு வந்து சேர்ந்த உணவின் கணக்கு, வாய்க்குள் போனது அல்ல. வீணாவதும் அதில் அடக்கம்.

வீணாக்குவது பணக்கார நாடுகள்தானே?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, வீடுகளில் மட்டும் ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரி 79 கிலோ வீணாகிறது. உயர் வருமான நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் இடையே வித்தியாசம் வெறும் 7 கிலோதான்.

பசியும் உடல் பருமனும் ஒரே நாட்டில் எப்படி இருக்க முடியும்?

ஒரே வீட்டிலேயே இருக்கிறது: வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத பிள்ளை, எடை கூடிய தாய். ஐரோப்பாவில் பல தலைமுறைகள் எடுத்த உணவு மாற்றம் மெக்சிகோவிலும் பிரேசிலிலும் ஓரிரு தலைமுறைக்குள் நடந்துவிட்டது. மலிவான எண்ணெய், இனிப்புப் பானம், பாக்கெட் தீனி எல்லாம் வேகமாக வந்தன; காய்கறியும் பழமும் மலியவில்லை. ஊட்டச்சத்து ஆய்வாளர் பேரி பாப்கின் இதை ‘ஊட்டச்சத்து மாற்றம்’ என்று விவரித்தார். இன்னொன்றையும் கவனியுங்கள். ஏழை நாடுகளில் முதலில் பருப்பது வசதியானவர்கள். நாடு வளர வளர அந்தச் சுமை கீழே இறங்கி ஏழைகளிடம் போய்விடுகிறது. 2022-ல் உலகில் 89 கோடிப் பெரியவர்களுக்கு உடல் பருமன் இருந்தது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதே ஆண்டில் சத்தான உணவை வாங்க வழியில்லாதவர்கள் சுமார் 280 கோடி.

அரசால் ஏதாவது செய்ய முடியுமா?

கொஞ்சம் முடியும். மெக்சிகோ 2014-ல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது, விற்பனை குறைந்தது. சிலி 2016-லிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரை போட வைத்தது. குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன் படங்களும் அவற்றிலிருந்து போயின. ஆனால் முத்திரை போட்டதால் காய்கறி விலை குறைந்துவிடாது, அதற்குத் தனியாகத்தான் மெனக்கெட வேண்டும்.