மக்களுக்குப் பிடிக்காமல் போன ஜனாதிபதியை ஏன் ஓயாமல் திட்டுகிறார்கள், கேலி செய்கிறார்கள்?

எங்கள் பக்கத்தில் பிரசிடென்ட் என்று சொன்னால் வாஷிங்டனும் நினைவுக்கு வராது, டெல்லியும் வராது, பஞ்சாயத்து பிரசிடென்ட்தான் வருவார். நாங்குநேரி பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரன் நான். கேள்வி கேட்டவர், "பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றி ஓட்டுப் போட வேண்டியதுதானே, தினமும் கிண்டல் எதற்கு" என்று அமெரிக்க ஜனாதிபதிகளை மனதில் வைத்துத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் என் பதில் எங்கள் ஊர்க் குழாயடியில்தான் தொடங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊரில் ஒருவர் ஜெயித்தார். பெயர் வேண்டாம், இன்றைக்கும் ஊரில்தான் இருக்கிறார், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர். சின்னம் பூட்டு சாவி. தெருவுக்குத் தெரு குழாய் போடுவேன் என்றார், சொன்னபடி குழாய் வந்துவிட்டது, தண்ணீர்தான் வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் விடுவார்கள். அதிலும் முதல் பத்து நிமிஷம் வெறும் காற்று. உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம், நடுவில் இரண்டு தும்மல், துரு நிறத்தில் ஒரு கை தண்ணீர், மறுபடியும் உஸ்ஸ்ஸ். ஒருநாள் விடிகாலையில் எங்கள் மாமா சைக்கிளில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றவர், அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அத்தையிடம் சொன்னார்: "ஏட்டி, கொடத்தத் தூக்கிட்டு வீட்டுக்கு வா. பிரசிடென்ட் பேசுதாரு."

அவ்வளவுதான். ஒரு வாரத்தில் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. குழாய் உஸ் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட "பேசுதாரு, பேசுதாரு" என்று கத்திக்கொண்டு ஓடும். பஸ் டயரில் காற்று இறங்கினாலும் அதுதான், குக்கர் விசிலுக்கும் அதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது மாமாவைத்தான். தேர்தலில் பூட்டு சாவிக்காகத் தொண்டை கட்டக் கத்தினவர் அவர். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகப் பூட்டு வரைந்தவர். "ரோஸ் சீட்டுல நம்ம பூட்டு சாவி, மறந்துராதிய" என்று வீடு வீடாகக் கிழவிகளுக்குப் பாடம் எடுத்தவர். அவர்தான் பிறகு டீக்கடையில், "பூட்டு சாவிக்குப் போட்டோம், ஆபீசைப் பூட்டிட்டுச் சாவிய அவரு கொண்டுட்டுப் போயிட்டாரு" என்று ஆரம்பித்து வைத்தார். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் இந்த அளவுக்குப் பேசவில்லை. "நாங்க அன்னைக்கே சொன்னோம்லா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். மாமாவால் அப்படிப் போக முடியவில்லை. சுவரில் அவர் வரைந்த பூட்டு இன்னும் அழியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய கேலியில் பாதி பிரசிடென்டுக்கு, மீதிப் பாதி அவருக்கே என்று எனக்குப் புரிய நாளானது. "நானும் ஏமாந்தவன்தான்" என்று நேராகச் சொல்ல வாய் வராதபோது மனுஷன் எதிராளியைக் கிண்டலடிக்கிறான்.

பெரிய ஜனாதிபதிகள் விஷயத்திலும் சத்தம் அதிகம் வருவது இந்த இடத்திலிருந்துதான் என்று நினைக்கிறேன். இலங்கையைப் பாருங்கள். 2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச சுமார் 69 லட்சம் ஓட்டு வாங்கி, 52 சதவீதத்தோடு ஜெயித்தார். 2021 ஏப்ரலில் ஒரே அறிவிப்பில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதிமூன்று மணி நேரம் மின்வெட்டு, பெட்ரோலுக்குக் கிலோமீட்டர் கணக்கில் வரிசை. அந்த 69 லட்சம் என்ற எண்ணே பிறகு அங்கே கிண்டலாகிவிட்டது, யாராவது அவருக்கு ஓட்டுப் போட்டதாகச் சொன்னால் "ஓ, நீங்களும் அந்த 69 லட்சத்தில் ஒருத்தரா" என்பார்களாம். கொழும்பு காலிமுகத் திடலில் கூடாரம் போட்டு அதற்குக் 'கோட்டா கோ கம' என்று பெயர் வைத்தார்கள். கோட்டாவே போ என்று சொல்கிற கிராமம், கிராமத்துக்குச் சிங்களத்தில் கம. ஜூலை 9-ஆம் தேதி ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து, நீச்சல் குளத்தில் குதித்து, கட்டிலில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பாட்டை மறந்து டிவி பார்த்தோம். எங்கள் பாட்டனார் காலத்தில் கொழும்பில் கடை வைத்துப் பிழைத்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய, அதனால் அது எங்களுக்குப் பக்கத்துத் தெருச் சண்டை மாதிரி. அந்தக் குளத்தில் குதித்தவர்களில் எத்தனை பேர் அவருக்கே ஓட்டுப் போட்டவர்களோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அமெரிக்காவிலும் ஏறினவர் இறங்கின கதைதான் சுவாரசியம். 2001 செப்டம்பரில் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு காலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்பில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷுக்கு 90 சதவீத ஆதரவு. 2008-இல் அதே கணிப்பில் 25. அந்த டிசம்பரில் பாக்தாத்தில் ஒரு பத்திரிகையாளர் இரண்டு ஷூவையும் கழற்றி ஒன்றன்பின் ஒன்றாக அவர்மேல் எறிந்தார், அவர் குனிந்து தப்பித்துவிட்டு "பத்தாம் நம்பர் ஷூ" என்று ஜோக்கும் அடித்தார். டீக்கடை டிவியில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டபோது மாமா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்மாளுக்குச் செருப்பெல்லாம் எதுக்குடே, வெறுங்கொடம் போதும்."

சரி, மாற்றி ஓட்டுப் போட வேண்டியதுதானே என்றால், அதற்கு ஐந்து வருஷம் ஆகிறதே! நடுவில் என்ன செய்வது? பஞ்சாயத்து பிரசிடென்டை ஊர்க்காரன் இறக்க முடியாது. 1994-ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் கலெக்டர் நோட்டீஸ் விட்டு, விளக்கம் கேட்டு, தாசில்தார் கூட்டம் கூட்டி, அப்புறம்தான் பதவி நீக்கம். அமெரிக்காவில் அதைவிடக் கஷ்டம். கீழ்ச்சபையில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும், பிறகு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு. 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998-இல் கிளின்டன், 2019-இலும் 2021-இலும் டிரம்ப் என்று நாலு தடவை கீழ்ச்சபை குற்றம் சாட்டியும் செனட் ஒரு தடவைகூட யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பிரதமர் என்றால் சொந்தக் கட்சிக்காரர்களே ஒரு ராத்திரியில் கூடிப் பேசி ஆளை மாற்றிவிடலாம், ஜனாதிபதி விஷயத்தில் அந்தக் கதவும் கிடையாது. நாலு வருஷம் என்றால் நாலு வருஷம். கையைக் கட்டிப் போட்டால் வாய்தானே பேசும்.

இன்னொன்று, அமெரிக்காவிலும் இலங்கையிலும் கொடியேற்றுகிறவரும் கணக்குக்குப் பொறுப்பானவரும் ஒரே ஆள். நம் நாட்டில் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள், அதனால்தான் குடியரசுத் தலைவரை நாம் பெரிதாகக் கிண்டலடிப்பதில்லை, அந்த வேலையெல்லாம் பிரதமருக்கும் முதலமைச்சருக்கும் போய்விடுகிறது. விதிவிலக்காக நினைவுக்கு வருவது நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 டிசம்பரில், அபு ஆபிரகாம் போட்ட கார்ட்டூன்: குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே நீட்டுகிறார். அங்கேயும் பாருங்கள், கேலி அவருடைய மூக்கையோ உடம்பையோ பற்றியது இல்லை, கையெழுத்தைப் பற்றியது. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அது நிற்கிறது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்காவில் வீடில்லாதவர்கள் போட்ட தகரக் குடிசைகளுக்கு ஜனாதிபதி பெயரிலேயே 'ஹூவர்வில்' என்று பெயர், போர்த்திக்கொள்கிற பழைய பேப்பருக்கு 'ஹூவர் போர்வை', காலிச் சட்டைப்பையை வெளியே இழுத்து விட்டால் அது 'ஹூவர் கொடி'. எங்கள் ஊர்க் குழாய்ச் சத்தமும் இந்த ஜாதிதான். ஒருத்தர் பெயரை அன்றாடம் கையில் படுகிற பொருளில் ஒட்டிவிட்டால் பிறகு அதைச் சுரண்டி எடுக்கவே முடியாது.

நேராக விமர்சிக்கலாமே, கேலி எதற்கு என்று கேட்பீர்கள். கிராம சபையில் எழுந்து கேட்டோம், மூன்று தடவை. மினிட் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், பால் இல்லாத டீ கொடுத்தார்கள், முடிந்தது. எழுந்து பேசினவன் மட்டும் தனியாகத் தெரிந்தான், அவன் வீட்டுக்கு வரவேண்டிய தொகுப்பு வீடு கொஞ்சம் தள்ளிப்போனது என்றும் சொன்னார்கள். கேலியில் அந்தத் தொல்லை இல்லை. சொன்னவன் யார் என்று தெரியாது, சிரித்தவன்மேல் கேஸ் போட முடியாது, ஆனால் யார் யார் சிரிக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். நமக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதோ என்ற சந்தேகம் போகிற இடம் அது.

அந்த வருஷம் அம்மன் கொடையில் நடந்ததைச் சொல்கிறேன். வில்லுப்பாட்டு, ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும், பிரசிடென்ட் முன்வரிசையில் நாற்காலியில் சந்தனம் பூசி உட்கார்ந்திருக்கிறார், பெரிய தொகை நன்கொடை கொடுத்தவர். புலவருக்கு யாரோ முன்கூட்டியே ஊர்க் கதையை ஓதிவிட்டார்கள். அம்மனுக்கு அபிஷேகம் வருகிற இடத்தில் வீசுகோலை நிறுத்திவிட்டு அவர், "இந்த ஊரு அம்மனுக்குப் பாலாபிஷேகம் பண்ணலாம், பன்னீர் அபிஷேகம் பண்ணலாம், தண்ணி அபிஷேகந்தான் கொஞ்சம் செரமம்" என்றார். குடம் அடிக்கிறவர் கேட்காமலேயே குடத்தின் வாயில் "உஸ்ஸ்" என்றார். கொட்டகை முழுக்க ஒரே சிரிப்பு, சின்னப் பிள்ளைகள் எழுந்து நின்று பிரசிடென்டைப் பார்க்கின்றன. அவரும் சிரித்தார், வேறென்ன செய்ய? அடுத்த வாரம் தெருவுக்குத் தண்ணி லாரி வந்தது. மூன்று கிராம சபையில் நடக்காதது ஒரு உஸ்ஸில் நடந்தது. அதுவும் ஒரு மாசம்தான், பிறகு பழைய கதை.

எல்லாக் கேலிக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. கேலி செய்யப்படுகிறவர் மோசமானவர் என்றும் அர்த்தமில்லை. லிங்கனைக் குரங்கு என்றே படம் போட்டார்கள், எட்வின் ஸ்டான்டன் என்ற வக்கீல் அவரைக் கொரில்லா என்று சொல்லித் திரிந்ததாக அன்றைய படைத்தளபதி மெக்லெல்லன் எழுதி வைத்திருக்கிறார், அதே ஸ்டான்டனை லிங்கன் 1862-இல் தன் போர்த்துறை மந்திரியாக்கினார். 1952-இல் மக்கள் ஆதரவு 22 சதவீதத்துக்கு இறங்கின ஜனாதிபதி ட்ரூமனை இன்றைக்கு வரலாற்று ஆசிரியர்கள் நல்ல இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இதைவிடக் கசப்பான ஒரு வகை உண்டு. ரிசர்வ் தொகுதியில் ஜெயித்து வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததே பிடிக்காமல் போய், அதற்குக் கேலி என்று பெயர் வைத்துக்கொள்வது. தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணியை 2011 ஜூனில் வெட்டினார்கள், பிழைத்தது பெரிய காரியம். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முயன்ற தலித் பெண் அவர். அந்த மாதிரி வெறுப்பையும் மாமாவின் குழாய் ஜோக்கையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். செய்ததைக் கிண்டல் பண்ணலாம், பிறந்ததைப் பண்ணினால் அது வேறு.

எங்கள் பிரசிடென்ட் விஷயத்திலும் பிறகு ஒன்று தெரிந்தது. தாமிரபரணியிலிருந்து வருகிற கூட்டுக் குடிநீர்க் குழாயில் எங்கள் ஊர்தான் கடைசி. முன்னால் இருக்கிற ஊர்கள் எல்லாம் எடுத்தது போகத்தான் எங்களுக்கு. இடைப்பட்ட நாட்களில் குழாய் காலியாகக் கிடக்கும், தண்ணீர் விடும்போது உள்ளே இருக்கிற காற்றைத் தள்ளிக்கொண்டுதான் வரும், அதுதான் அந்த உஸ். தனி போர்வெல் போடலாம் என்றால் செக்கில் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும், அவரோ எதிர்க்கோஷ்டி. இதை அவர் ஒருநாளாவது குழாயடிக்கு வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கல்வெட்டில் பெயர் போட மட்டும் வந்தார். அதனால் எனக்கு அவர்மேல் இரக்கம் பாதிதான்.

2011-இல் தோற்றார். புது பிரசிடென்ட் வந்தார், அவருக்கும் அதே குழாய்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பழைய பிரசிடென்ட் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவர் வீட்டம்மாவுக்குக் காய்ச்சல் போல, தானே ஒரு பச்சைக் குடத்தோடு வரிசையில் நின்றார். எனக்கு முன்னால் மூன்றாவது ஆள். குழாய் இரண்டு தும்மல் தும்மிவிட்டு உஸ்ஸ்ஸ் என்று ஆரம்பித்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை, மாமாகூட சைக்கிள் பெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் குடத்தை இடுப்பிலிருந்து கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "பேசுதாரு."