மறுத்த விண்ணப்பங்களின் கணக்கு

அன்பின் அண்ணா,

மட்டக்களப்பில் கடன் கொடுக்கும் நிறுவனமொன்றின் கிளையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். வருகிற விண்ணப்பங்களில் பாதிக்கு விபரம் சரியாக இருக்காது. ஆனாலும் பின்னேரத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். போன மாதம் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு அக்கா, கச்சான் வறுத்து விற்க 60,000 ரூபா கேட்டு வந்தார். எங்கள் மனேஜர் விலாசத்தைப் பார்த்தார், பிணைக்கு ஆள் யார் என்று கேட்டார், கோப்பை மூடிவிட்டார். "படுவான்கரைக் கடன் திரும்பி வராது" என்றார். நான் மறுத்துப் பேசியதற்கு, "நான் கொடுத்த கடனில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஒழுங்காக வந்திருக்கிறது, என் கணிப்பு பிழைத்ததில்லை" என்றார். கணக்கு உண்மைதான். ஆனாலும் எங்கேயோ இடிக்கிறது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

அன்பின் தங்கச்சி,

இடிக்கிற இடம் அந்தத் தொண்ணூற்றைந்துதான். அது கொடுத்த கடன்களின் கணக்கு. மறுத்த கடன்களுக்குக் கணக்கே கிடையாது. கச்சான் அக்கா தவணை தவறாமல் கட்டியிருப்பாரா என்பது இனி உங்கள் கிளையில் யாருக்கும் தெரியவராது. படுவான்கரைக்குக் கொடுக்காமலே இருந்தால், படுவான்கரை ஆட்கள் கட்டினார்கள் என்ற செய்தி எந்த வழியால் வந்து சேரும்? மனேஜர் பத்து வருடம் கழித்தும் இதே வசனத்தைச் சொல்லலாம். பிழை என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. விபரம் பாதிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதியை இல்லாமல் செய்ததில் உங்கள் அலுவலகத்துக்கும் பங்குண்டு.

இதற்கெல்லாம் உளவியலில் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை இங்கே அடுக்க எனக்கு விருப்பமில்லை. மனச்சாய்வுகளின் பெயர் தெரிந்தவர்கள் அதை அடுத்தவரை அடிக்கத்தான் பாவிக்கிறார்கள். நானும் அப்படி இருந்தவன்தான்.

2011 ஜனவரி வெள்ளத்தில் ஒரு நிவாரண அமைப்பில் பொருள் பிரித்து அனுப்பும் வேலை எனக்கு. சுவரில் மாவட்ட வரைபடம். எந்த ஊரிலிருந்து பாதிப்பு விபரம் வருகிறதோ அங்கே ஒரு சிவப்புக் குண்டூசி. இரண்டு நாளில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பக்கம் பிரதான வீதியோரமாகக் குத்த இடமில்லை. வாவிக்கு அந்தப் பக்கம் ஐந்தாறுதான். லொறிகள் சிவப்பைப் பார்த்துப் போயின. போன ஊரிலிருந்து லொறிக்காரரே மேலும் விபரம் கொண்டுவந்தார். அதற்கு இன்னும் இரண்டு குண்டூசி. மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அதுவரை அங்கே பாதைதான். (வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே பாதை என்றால் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை.)

மூன்றாம் நாள் ஒருவர் இடுப்புவரை நனைந்து, போனைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பிடித்தபடி வந்தார். வரைபடத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "எங்கட ஊருல ஒண்டும் நடக்கல்ல எண்டா இதக் குத்தாம வெச்சிரிக்கீங்க?" என்று கேட்டார்.

அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. செய்தி வராத ஊரைச் சேதமில்லாத ஊர் என்று வாசித்துவிட்டோம், அவ்வளவுதான். லொறிப் பட்டியல் என் கையெழுத்தில் இருந்தது.

பெரிய படிப்புப் படித்தவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். முதல்நாள் இரவு, ரொக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் தாங்குமா என்று பொறியியலாளர்கள் தொலைபேசியில் வாதாடினார்கள். வளையம் பழுதான பறப்புகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் குளிரிலும் பழுது, சூட்டிலும் பழுது, ஒன்றும் புரியாது. பழுதாகாத பறப்புகளையும் சேர்த்துப் பார்த்தது பிறகு வந்த விசாரணைக் குழு. சுமார் 19 பாகை செல்சியசும் அதற்கு மேலும் இருந்த 20 பறப்புகளில் 3இல் பழுது. 17 பாகையும் அதற்குக் கீழுமாக இருந்த நாலிலும் பழுது. பிரச்சினையில்லாதவை என்று ஒதுக்கிய பறப்புகளில்தான் விடை கிடந்தது.

உங்கள் மனேஜரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கொடுத்த கடன் வராவிட்டால் தலைமையகத்திலிருந்து அவருக்குப் போன் வரும். நல்ல ஆளுக்கு மறுத்தால் எவரும் போன் எடுக்கமாட்டார்கள். ஒரு பிழைக்கு மட்டும் மணி அடித்தால் எந்த மனிதனும் அதற்குத்தான் பயப்படுவான்.

அவருடைய அனுபவம்? டானியல் கானமன், கேரி கிளைன் என்று இரண்டு உளவியலாளர்கள். ஒருவர் உள்ளுணர்வைச் சந்தேகித்தவர், மற்றவர் மெச்சியவர். இருவரும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சூழல் ஓர் ஒழுங்கில் இருந்து, செய்ததன் பலனும் தவறாமல் திரும்பி வந்தால்தான் அனுபவக் கணிப்பை நம்பலாம் என்று முடித்தார்கள். வாவியில் வலை வீசுகிறவருக்கு விடியுமுன் பதில் கிடைத்துவிடும். மறுத்த கடனுக்கு அந்தப் பதில் இல்லை. ஆகவே உங்கள் மனேஜருக்குக் கொடுப்பதில் பல வருட அனுபவம் இருக்கலாம், மறுப்பதில் முதல் நாள்தான்.

சரி, பின்னேரத்துக்குள் என்ன செய்வது? ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். மறுக்கிற ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் திகதி, தொகை, காரணம் ஒரு வரியில். 'படுவான்கரை' என்று காரணம் எழுதக் கை கூசும், கூசட்டும். கிரிப் அறிக்கை (ஒருவரின் பழைய கடன் வரலாற்றைக் காட்டுவது) வெறுமையாக வந்தால் அதை மோசமான அறிக்கை என்று வாசிக்காதீர்கள், வங்கிப் பக்கமே போகாதவருக்கு அதில் வரலாறு இருக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொப்பியைப் பிரித்து, மறுத்தவர்களில் சிலரைத் தேடிப் பாருங்கள். மனேஜர் சம்மதித்தால் இரண்டு மூன்று பேருக்குச் சிறிய தொகை கொடுத்தும் பார்க்கலாம். அதில் ஒன்று வராமல் போகலாம். போனால் அதையும் எழுதுங்கள்.

விடுபட்ட விபரம் எல்லாவற்றையும் துரத்தாதீர்கள். எது தெரிந்தால் முடிவு மாறுமோ அதை மட்டும் கேளுங்கள். தான்தோன்றீச்சரர் கோயில் திருவிழாவுக்கு எத்தனை மூட்டை வறுத்தார், மூட்டையைக் கடனுக்கு எடுத்தாரா, கடைக்காரருக்கு எத்தனை நாளில் திருப்பினார் என்று அந்த அக்காவிடம் யாராவது கேட்டீர்களா? கோப்பில் அவருடைய போன் நம்பர் இருக்கும்.

அன்புடன்,
அண்ணா