வீட்டு ப்ளீச்சை எந்த அளவில் கலக்க வேண்டும், எதோடு சேர்க்கக் கூடாது?

ப்ளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைந்த தண்ணீர். பெரும்பாலும் 5 சதவீத அளவில் கிடைக்கும். அழுக்கிருந்தால் அதன் வலு அழுக்கிலேயே தீர்ந்துவிடும். தூசி தட்டாத சுவரில் அடித்த சுண்ணாம்பு தூசியில்தானே ஒட்டும்? அதனால் முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு 1 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 20 மி.லி. ப்ளீச், துடைத்த இடம் 10 நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், வைத்திருந்தால் வீரியம் குறையும்.

துணிமேல் நேரடியாக ஊற்றினால் இழை நைந்து ஓட்டை விழும். பட்டு, கம்பளிக்கு அறவே வேண்டாம்.

வினிகரோ அமிலக் கழிப்பறைத் திரவமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அமோனியா சேர்ந்தால் குளோரமைன். இரண்டும் நுரையீரலைப் புண்ணாக்கும். தொண்டை எரிந்தால் போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுங்கள்.

நெடி தூக்கலாக இருந்தால்தான் கிருமி சாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கிருமியைக் கொல்வது சரியான அளவும் ஊறும் நேரமும்தான்.