வண்ண டியூபின் மேல் ஒரு குடும்பப் பெயர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஓவியர்களின் வண்ணங்களைப் பற்றிய கட்டுரையில், வண்ணம் தயாரிக்கும் நிறுவனங்களில் பல குடும்பத் தொழிலாகத் தொடங்கி வளர்ந்தவை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருந்தீர்கள். என் கேள்வி அந்த வரியைப் பற்றியது. நான் பொழுதுபோக்காக நீர்வண்ணத்தில் வரைபவன். ஆறு ஆண்டுகளுக்கு முன் வரைந்து, சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய என் ரோஜாக்கள் இன்று சாம்பல் பூத்துப்போய்விட்டன. இலைகள் மட்டும் அப்படியே பச்சையாக இருக்கின்றன. அந்தச் சிவப்பு டியூபின் மேல் நிறுவனரின் பெயரும், தொடங்கிய ஆண்டும், தலைமுறை தலைமுறையாக என்ற வாசகமும் இருந்தன. தாத்தா நன்றாக வண்ணம் அரைத்தார் என்பதால் பேரன் விற்கும் வண்ணம் நல்லதாகிவிடுமா? குடும்பப் பாரம்பரியம் என்பது வெறும் விளம்பரம்தானே?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சிவப்பு வெளுப்பதற்கு ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நாம் கடையில் வாங்கும் பெரும்பாலான சரக்கின் குறை ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். திருப்பிக் கொடுத்துச் சண்டையும் போடலாம். வண்ணத்தில் அது முடியாது. நிலைத்து நிற்கும் சிவப்பையும் ஓடிப்போகும் சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாங்குபவரின் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சொல்லப்போனால் ஓடிப்போகும் சிவப்புதான் பல சமயங்களில் கூடுதல் அழகாக இருக்கும். குறை வெளிப்படும்போது ரசீது தொலைந்திருக்கும், சில வேளைகளில் ஓவியரே இறந்திருப்பார். இப்படிப்பட்ட சரக்கை விற்றவர் தந்த வாக்குக்கு, நாளை குறை வந்தால் தானோ தன் பிள்ளைகளோ அதே வாசலில் நின்று பதில் சொல்வோம் என்பதைத் தவிர வேறு பிணை நெடுங்காலம் இருக்கவில்லை. குடும்பப் பெயர் முதலில் அந்தப் பிணையாகத்தான் டியூபின் மேல் ஏறியது. அது விளம்பரமாக மாறியது பிற்காலத்தில்.

ஓவியர்களும் அவர்களுடைய பட்டறைச் சீடர்களும் தாமே வண்ணம் அரைத்துக்கொண்ட காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. அரைக்கும் வேலை கடைக்காரரின் கைக்குப் போனபோதுதான் எழுந்தது. லண்டனில் 1766-இல் தொழில் தொடங்கிய வில்லியம் ரீவ்ஸ், தாமஸ் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் நீர்வண்ணத்தைச் சிறு வில்லைகளாக வார்த்தெடுத்தார்கள். அதற்காக 1781-இல் அங்கிருந்த கலைகள் சங்கம் அவர்களுக்கு வெள்ளியாலான வண்ணத் தட்டு ஒன்றைப் பரிசளித்தது. எண்ணெய் வண்ணம் அப்போது பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித்தான் விற்கப்பட்டது. ஓவியர் ஒரு ஆணியால் அதைக் குத்தி, வேண்டிய அளவு பிதுக்கி, ஓட்டையை மீண்டும் அடைக்க வேண்டும்; சரியாக அடைக்காவிட்டால் உள்ளே இருப்பது காய்ந்துவிடும், சற்று அழுத்திவிட்டால் முழுதும் வெடித்துச் சட்டை பாழாகும். அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் தகர டியூபுக்கு 1841-இல் காப்புரிமை பெற்றபோது இந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால், உள்ளே என்ன இருக்கிறது என்பது முன்பைவிட நன்றாக மறைந்தும் போனது.

உள்ளே இருப்பதைக் கெடுக்கப் பல வழிகள் உண்டு. விலை கூடிய இங்குலிகச் சிவப்பில் மலிவான ஈயச் செந்தூரத்தைக் கலக்கலாம், சாயத்தைச் சுண்ணத்தால் பெருக்கலாம். கெடுக்காமல் இருப்பதும் எளிதல்ல. கனமான கல்லின் மேல் நிறம் தரும் தூளான நிறமியையும் ஆளிவிதை எண்ணெயையும் கொட்டிக் கண்ணாடிக் குழவியால் வட்டமாக அரைப்பவருக்கு, ஒவ்வொரு நிறமியும் ஒரு தனிப் பிறவி என்பது தெரியும். அல்ட்ராமரீன் நீலம் எண்ணெயில் நூல் நூலாக இழுபடும். ஸ்மால்ட் என்னும் கண்ணாடி நீலத்தை அதிகமாக அரைத்தால் நிறமே போய்விடும். எலும்புக் கரி சேர்ந்த கறுப்பு உலர நாளாகும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எழுதி வைக்க முடியாது, குழவியின் கீழே மாறும் ஓசையையும் கைக்குத் தெரியும் வழுக்கலையும் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். கூலிக்கு வந்தவர் இதைக் கற்றுக்கொண்டதும் எதிர்க்கடைக்குப் போய்விடலாம், மகன் போகமாட்டான் என்று நம்பினார்கள். தொழில் குடும்பத்துக்குள் தங்கியதற்கு இந்த நடைமுறைக் காரணமும் உண்டு. இரத்தத்தில் ஊறிய கலை என்று சொல்வதை நான் நம்புவதில்லை. பத்து வயதிலிருந்து ஒரே கல்லின் பக்கத்தில் நின்றால் யார் கைக்கும் அது பழகிவிடும்.

மகன் போகமாட்டான் என்பதும் எப்போதும் உண்மையாக இருந்ததில்லை. ரீவ்ஸ் சகோதரர்களே பிற்பாடு பிரிந்து தனித்தனியாகத் தொழில் செய்தார்கள். ஜெர்மனியில் நியூரம்பெர்க் அருகே ஸ்டைன் என்ற ஊரில் 1761-இல் காஸ்பர் ஃபேபர் என்ற தச்சர் தொடங்கிய பென்சில் தொழிலின் கதையும் இதையே சொல்கிறது. நான்காம் தலைமுறையைச் சேர்ந்த லோதர் ஃபேபர் 1839-இல் பொறுப்பேற்றபோது, பென்சில் பெரும்பாலும் பெயரில்லாச் சரக்காகவே விற்றது. அவர் ஏ.டபிள்யூ. ஃபேபர் என்ற முத்திரையை ஒவ்வொரு பென்சிலிலும் பதித்தார், 1849-இல் நியூயார்க்கில் கிளை திறந்தார், 1856-இல் சைபீரியாவின் சுரங்கமொன்றிலிருந்து உயர்தரக் கிராஃபைட் தனக்கு மட்டும் கிடைக்கும்படி ஒப்பந்தம் செய்துகொண்டார். பெயர் விலைபோகத் தொடங்கியதும் போலிகள் பெருகின. தொழிற்பெயர்களுக்குப் பாதுகாப்புக் கேட்டு 1874-இல் அவர் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பித்தார், மறு ஆண்டு அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெயரைப் பிறரிடமிருந்து காப்பாற்றச் சட்டம் வந்தது, தம்பியிடமிருந்து காப்பாற்ற எந்தச் சட்டமும் உதவவில்லை: யோஹான் ஃபேபர் பிரிந்துபோய், அதே குடும்பப் பெயரில் போட்டியாகப் பென்சில் தொழிற்சாலை நடத்தினார். இரண்டு பென்சில்களிலும் ஃபேபர் என்றிருந்தால், வாங்குபவருக்கு அந்தப் பிணை யாருடையது?

வண்ணத்துக்கே திரும்புகிறேன். 1832-இல் லண்டனில் ராத்போன் பிளேஸ் தெருவில் கடை திறந்த வில்லியம் வின்சர் வேதியியல் அறிந்தவர், கூட்டாளி ஹென்றி நியூட்டன் ஓவியர். உடன் பிறந்தவர்கள் அல்லர். ஆனால் இரு குடும்பங்களின் பெயரும் சேர்ந்தே தொழிலின் பெயராயிற்று. ஓவியர் டர்னர் எளிதில் வெளுக்கும் வண்ணங்களை விரும்பி வாங்குவதைக் கண்டு வின்சர் ஆட்சேபித்தார் என்றும், வண்ணம் செய்வது உம் வேலை, அதைப் பயன்படுத்துவது என் வேலை என்ற பொருளில் டர்னர் பதில் சொன்னார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, டர்னரின் படங்கள் சிலவற்றில் சிவப்புகள் போய்விட்டது உண்மை. உங்கள் ரோஜாக்களுக்குப் பெரிய இடத்தில் உறவு இருக்கிறது.

இந்தக் கதையில் வின்சர் எச்சரித்தார், ஆனாலும் விற்றார். குடும்பப் பெயர் என்னும் பிணையின் எல்லை அங்கேயே தெரிந்துவிடுகிறது. வாங்குபவர் விரும்பிக் கேட்டால் ஓடிப்போகும் சிவப்பையும் நல்ல பெயருள்ள கடை விற்கும். 1880-இல் ஹோல்மன் ஹன்ட் என்ற ஓவியர், தமக்குக் கிடைக்கும் வண்ணங்களின் தரத்தைக் குறித்து லண்டனில் பொது மேடையிலேயே குறைபட்டுப் பேசினார். 1888-இல் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் ஒளி நீர்வண்ணங்களை என்ன செய்கிறது என்பதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டார்கள். 1892-இல் வின்சர் அண்ட் நியூட்டன் தன் வண்ணங்களின் சேர்மானத்தையும் நிலைப்புத் தன்மையையும் அச்சிட்டு வெளியிட்டது. என் கணிப்பில் இந்தத் தொழிலின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இந்தக் கடைசிச் செயல்தான், டியூபைவிடவும் பெரியது. அதுவரை நம்பு என்று மட்டும் சொல்லிவந்த கடை, நீயே பார்த்துக்கொள் என்றும் சொல்லத் தொடங்கியது. அதற்குள் நிறுவனர்கள் இருவரும் இறந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1976-இல் அந்த நிறுவனத்தை ரெக்கிட் அண்ட் கோல்மன் என்ற பெரிய வணிகக் குழுமம் வாங்கிற்று. டியூபின் மேலிருந்த பெயர்கள் மாறவில்லை.

வளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இரண்டு குடும்பங்களைச் சொல்வேன். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில், ஓவியக் கல்லூரிக்குப் பக்கத்தில், 1887-இல் குஸ்தாவ் செனலியே என்ற வேதியியலாளர் கடை திறந்தார். வரும் ஓவியர்கள் குறை சொல்வார்கள், அவர் கலவையை மாற்றுவார். அவருக்குப் பின் பிள்ளைகளும் பேரனும் அப்படியே செய்தார்கள். 1949-இல் ஓவியர் ஹென்றி கெட்ஸ் பிக்காசோவுக்காக வந்து, எந்தப் பரப்பிலும் தேய்க்கக்கூடிய எண்ணெய்ப் பேஸ்டல் என்னும் வண்ணக் குச்சி ஒன்று வேண்டும் என்று கேட்டார். கடை அதைச் செய்து கொடுத்தது, பின்னர் அதுவே நிலையான சரக்காயிற்று. அதே நகரில் கடை வைத்திருந்த ஜூலியன் தங்கி, பணத்துக்குப் பதிலாகப் படங்களை வாங்கிக்கொண்டு செஸானுக்கும் வான்கோவுக்கும் வண்ணம் கொடுத்தவர். ஓவிய வரலாறு அவரைத்தான் நேசிக்கிறது, நானும் நேசிக்கிறேன். ஆனால் 1894-இல் அவர் இறந்ததோடு அந்தக் கடையின் கதை முடிந்தது. கடன் சொல்பவர்களை மட்டும் வாடிக்கையாளராக வைத்துக்கொண்டு இரண்டாம் தலைமுறைக்குப் போக முடியாது.

இரண்டாவது குடும்பம் அமெரிக்காவில். சாம் கோல்டன் 1936-இல் தன் மாமா லெனார்ட் போகூருடன் சேர்ந்து நியூயார்க்கில் கையால் வண்ணம் அரைத்தவர். கடை என்பதைவிட ஓவியர்கள் கூடிப் பேசும் இடம் அது. 1940-களின் இறுதியில் அங்கேயிருந்துதான் டர்பன்டைனில் கரையும் மேக்னா என்ற அக்ரிலிக் வண்ணம் வந்தது. ஓவியர் மோரிஸ் லூயிக்கு அது கெட்டியாக இருந்ததால், துணியில் ஊறி இறங்கும்படி அவருக்கென்றே கலவையை மாற்றிக் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றுவிட்ட சாம், 1980-இல், 65 வயதில், மனைவியோடும் மகன் மார்க்கோடும் மருமகளோடும், மாட்டுக்கொட்டகையாக இருந்த சுமார் 900 சதுர அடிக் கட்டடமொன்றில் மீண்டும் தொடங்கினார். ஓவியர் கேட்டால் ஒரு ஜாடி மட்டும் தனியாகக் கலந்து தருவது அவர்கள் வழக்கம்; அப்படி ஒருவருக்காகச் செய்தவற்றில் சில, பலரும் கேட்கவே, பட்டியலில் நிரந்தரமாக இடம்பெற்றன. பின்னர் அந்தக் குடும்பம் பெரும்பான்மை உரிமையை வேலை செய்பவர்களின் கைக்கே மாற்றிவிட்டது. மகன்தான் போகமாட்டான் என்ற பழைய கணக்கு இங்கே தலைகீழாகியிருக்கிறது. கை பழகியவர்கள் போகாமல் இருக்க அவர்களைக் குடும்பத்தில் பிறக்கச் சொல்ல முடியாது, உரிமையில் பங்கு கொடுக்கலாம்.

எனவே உங்கள் கேள்விக்கு விடை: தாத்தா நன்றாக அரைத்தது பேரனின் வண்ணத்தை நல்லதாக்காது. பெயர் பிணையாக இருந்த இடத்தை இப்போது டியூபின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள நிறமிக் குறியீடு பிடித்துக்கொண்டது. 1980-களில் அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிர்ணய அமைப்பு ஓவிய வண்ணங்களின் ஒளித்தாங்கும் திறனை அளக்கவும் டியூபின் மேல் குறிக்கவும் தரவரையறைகள் வகுத்தபின், முன்புறப் பெயரைப் படிக்காமலேயே வண்ணம் வாங்கலாம். உங்கள் டியூபைத் திருப்பிப் பாருங்கள். பி.ஆர். 83 என்றிருந்தால் அது அலிசரின் கிரிம்சன். மஞ்சிட்டி வேரின் சாயப்பொருளை 1868-இல் ஆய்வகத்தில் உண்டாக்கக் கண்டுபிடித்ததன் வழியே வந்த சிவப்பு அது. நீர் சேர்த்து மெல்லிதாகத் தீட்டினால் வெளிச்சத்தில் நிற்காது. பி.வி. 19 என்ற குறியீடுள்ள குயினாக்ரிடோன் சிவப்பு நிற்கும். குறியீடே இல்லையென்றால், எத்தனை தலைமுறைப் பெயர் இருந்தாலும் அந்த டியூபை ஒதுக்கிவையுங்கள்.

சோதிப்பதும் எளிது. கெட்டித் தாளில் வண்ணத்தை அடர்த்தியாகத் தொடங்கி, நீர் சேர்த்து நீர்த்தபடி ஒரு பட்டை இழுத்து, நீளவாக்கில் பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் ஒட்டிவிடுங்கள். என் சன்னலில் மூன்று மாதம் இருந்த அலிசரின் பட்டையில் அடர்ந்த முனை ஏறக்குறைய அப்படியே இருந்தது. நீர்த்த முனையில் அட்டைக்கு வெளியே தாள் மட்டும்தான் இருந்தது.

அதற்கு முன், அந்த ரோஜாப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பாருங்கள். சுற்றிலும் மவுன்ட் அட்டை மூடியிருந்த ஓரத்துக்குள் ஏதேனும் ஒரு இதழின் நுனி நுழைந்திருந்தால், நீங்கள் ஆறு ஆண்டுகளுக்கு முன் தீட்டிய சிவப்பு அங்கே இருக்கும்.

அன்புடன்.