கேம் நடுவே அணைந்துபோகும் கம்ப்யூட்டர்: கேள்வி பதில்

கேமிங் டெஸ்க்டாப் பழுது பார்ப்பதுதான் பதினான்கு வருடமாக எனக்குத் தொழில். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே வேண்டுகோள்: ‘கிராஷ் ஆகுது’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஸ்விட்சைத் தட்டிய மாதிரி அணைகிறதா, ப்ளூ ஸ்கிரீன் வருகிறதா, படம் போய் சத்தம் மட்டும் ஓடுகிறதா என்று எழுதுங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

கேள்வி: அண்ணா, கேம் ஆரம்பிச்சு இருபது நிமிஷத்துல கரண்ட் போன மாதிரி பொட்டுன்னு ஆஃப் ஆகி, தானா ரீஸ்டார்ட் ஆகுது. ப்ளூ ஸ்கிரீன் வரல. ஈவன்ட் வியூவர்ல ‘கெர்னல் பவர் 41’னு இருக்கு. கடையில ரெண்டு தடவை விண்டோஸ் போட்டுக் குடுத்தாங்க, மாறல. பிரவுசர், படம்லாம் நாள் முழுக்க ஓடுது.

பதில்: தம்பி, அந்த 41 காரணம் இல்லை. கம்ப்யூட்டர் மறுபடி எழுந்த பிறகு, ‘போன தடவை முறையாக ஷட் டவுன் ஆகவில்லை’ என்று விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். அதே பதிவில் டீடெயில்ஸ் பக்கத்தைத் திறந்தால் ‘பக்செக் கோட்’ என்று ஒரு வரி இருக்கும். அது 0 என்றால், பெரும்பாலும் ப்ளூ ஸ்கிரீன் போடக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்படி அணையும் மெஷினில் விண்டோஸை எத்தனை முறை போட்டாலும் மாறாது.

என் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல், அதாவது எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி மேல். கிராபிக்ஸ் கார்டு சராசரியாக 300 வாட் எடுத்தாலும், நடுநடுவே கண நேரத்துக்கு ஏறக்குறைய இருமடங்கு இழுக்கும். பழைய எஸ்எம்பிஎஸ் சில அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற எஸ்எம்பிஎஸ் விதிமுறை, தன் வாட் அளவில் 200 சதவீதம் வரை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும் என்று சொல்வதே இதற்காகத்தான்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கேமில் எஃப்பிஎஸ்ஸை (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கை) 60-க்கு லாக் பண்ணுங்கள், கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். அதே கேம் அப்போது அணையாமல் ஓடினால், பெரும்பாலும் மின்சாரம் போகும் வழியில்தான் கோளாறு. யூபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் கழற்றி நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். வீட்டில் நாம் வைத்திருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும்.

அடுத்து ஒயர். இதே குறையோடு என் மேசைக்கு வந்த ஒரு மெஷினில், ஒரே ஒயரின் இரண்டு தலைகளையும் கார்டில் மாட்டியிருந்தார்கள். கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டுத் துளைகளில் ஒன்றின் விளிம்பு மட்டும் டீக்கறை மாதிரிப் பழுப்பாக இருந்தது. அதற்குள் இருந்த பின் மற்றவற்றைவிட ஒரு நூல் உள்ளே போயிருந்தது, ஒயரை விரலால் தொட்டாலே ஆடியது. அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் பழுதே இல்லை. இரண்டு தனித்தனி ஒயர் போட்டதும் சரியானது. கார்டுக்கு 8 பின் பிளக் 150 வாட் வரை தரும், 6 பின் 75, மதர்போர்டு ஸ்லாட் 75: இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் ஒயர்களைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவுக்குச் சார்ஜ் இருக்கும்.

கேள்வி: எனக்கு ப்ளூ ஸ்கிரீன் வருது சார். ஆனா ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர். ஒரு நாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’, இன்னொரு நாள் வேற. பக்கத்துக் கடையில ரேமை ரப்பர் வச்சுத் துடைச்சாங்க, ஒரு வாரம் நல்லா ஓடுச்சு. இப்ப மறுபடியும்.

பதில்: பெயர் மாறிக்கொண்டே இருந்தால் நான் முதலில் பார்ப்பது ரேமைத்தான். பழுதான ரேமின் மேல் எந்த புரோகிராம் வந்து உட்காருகிறதோ அது விழும், அதனால்தான் தினம் ஒரு பெயர்.

பயாஸுக்குள் (மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்ஸ் பக்கம்) போய் ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆஃப் பண்ணுங்கள். பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும் அது ஓவர்கிளாக் வேகம்தான், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் தள்ளி ஓட்டுவது. எல்லா போர்டும் எல்லா பிராசஸரும் அதை ஏற்கும் என்று இல்லை. ஆஃப் பண்ணியதும் நின்றுவிட்டால் வேகத்தைச் சற்றுக் குறைத்து ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ரேம் சோதனை புரோகிராமை பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் பண்ணி ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது பழுதுதான், ‘ஒண்ணுதானே’ என்று விடக்கூடாது. எரர் வந்தால் ஒவ்வொரு குச்சியாக ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். நல்ல குச்சி என்று தெரிந்ததை அடுத்தடுத்த ஸ்லாட்டில் மாற்றிப் பாருங்கள். அப்போதுதான் குற்றம் ரேமிலா ஸ்லாட்டிலா என்று பிரியும். இரண்டு குச்சி மட்டும் என்றால், நாலு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் அவற்றின் இடம்.

ரப்பர் விஷயம்: தொடும் இடத்தில் படிந்த கறை போகும், உண்மை. ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, தேய்க்கத் தேய்க்கப் போய்விடும், ரப்பர் துகளும் ஸ்லாட்டில் விழும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும். பல நேரம் சரியாவது துடைத்ததால் இல்லை, கழற்றி மறுபடி அழுத்தி மாட்டியதால். ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டதே, அதனால் கூலர் ஒரு பக்கமாக இறுகி இருக்கிறதா, பிராசஸர் சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று முக்கியம். ரேம் சந்தேகம் தீரும் வரை பயாஸ் அப்டேட் செய்யாதீர்கள், பெரிய ஃபைல்களை இடம் மாற்றாதீர்கள். கெட்ட ரேம் வழியாகப் போகும் ஃபைலும் கெட்டுப்போகலாம். ஒரு பையனின் காலேஜ் பிராஜெக்ட் முழுக்க அப்படிப் பாழானதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஸ்கிரீன் கறுப்பாயிடுது, ஆனா ஃபிரெண்ட்ஸ் பேசறது ஹெட்செட்ல கேட்டுக்கிட்டே இருக்கு. கார்டு ஃபேன் ராக்கெட் மாதிரி சுத்துது.

பதில்: சத்தம் வருகிறது என்றால் பிராசஸர், ரேம் எல்லாம் உயிரோடு இருக்கின்றன, கார்டு மட்டும் விழுந்துவிட்டது. கார்டு 2 விநாடிக்குப் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை மறுபடி கிளப்பிப் பார்க்கும். அது கைகூடினால் ஈவன்ட் வியூவரில் 4101 என்று பதிவாகும். உங்களுக்குத் திரை திரும்பி வரவே இல்லை, ஃபேனும் முழு வேகத்தில் ஓடுகிறது. அதனால் கார்டைக் கழற்றி மாட்டுங்கள், ஒயரைப் பாருங்கள், ஓவர்கிளாக் இருந்தால் எடுங்கள், டிரைவரை டிடியு என்ற புரோகிராமை வைத்துச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நண்பர் வீட்டு மெஷினில் அந்தக் கார்டை மாட்டி ஓட்டுவதுதான் தீர்ப்பு. கலர் கலராகப் புள்ளியும் கட்டமும் வந்தால் கார்டின் மெமரி போய்க்கொண்டிருக்கிறது, வாரண்டி பில்லைத் தேடி எடுங்கள்.

புதிய 16 பின் பிளக் உள்ள கார்டா? 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் அந்தப் பிளக் உருகிய செய்திகள் வந்தது நினைவிருக்கும். முழுதாக உள்ளே போகாத பிளக் அதற்கு ஒரு பெரிய காரணம். இடைவெளி துளியும் தெரியாத அளவுக்கு அழுத்துங்கள், பிளக்கை ஒட்டி ஒயரை வளைக்காதீர்கள்.

கேள்வி: இன்டெல் 13, 14-ம் தலைமுறை பிராசஸர் பத்தி என்னென்னமோ சொல்றாங்க. என்கிட்ட 13-ம் தலைமுறை ஐ9 இருக்கு. எப்படித் தெரிஞ்சுக்கறது?

பதில்: வதந்தி இல்லை, 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், நாளாக ஆக பிராசஸர் தேய்கிறது. ஆகஸ்டில் 0x129, செப்டம்பரில் 0x12பி என்று மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் அடிப்படை புரோகிராம்) திருத்தங்கள் வந்தன, பயாஸ் அப்டேட்டோடு சேர்ந்து வரும். இனிமேல் தேயாமல் காக்கத்தான் அவை, ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது.

அடையாளம்: அன்ரியல் இன்ஜினில் செய்த கேம்கள் ஷேடர் (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சிறு புரோகிராம்) தயாரிக்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று சொல்லி விழும். கார்டில் இடம் தாராளமாக இருக்கும், பழி கார்டின் மேல் விழும். பெரிய ஜிப் ஃபைல்கள் விரியும்போதும் எரர் வரும். பயாஸில் பி-கோர் ரேஷியோவை (பிராசஸரின் வேகமான கோர்களின் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) 53-க்கு இறக்கிப் பாருங்கள். அதோடு கிராஷ் நின்றால் பிராசஸர்தான். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள், தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: ரைசன் 7000, கேம்ல 95 டிகிரி காட்டுது. சூட்டாலதான் கிராஷா?

பதில்: அந்த வரிசையில் பல மாடல்கள் 95 வரை போகும்படியே செய்யப்பட்டவை. சூடு ஏறினால் முதலில் வேகம்தான் குறையும். சந்தேகம் தீர, கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து ஓட்டுங்கள். அப்படியும் விழுந்தால் பெரும்பாலும் சூடு காரணம் இல்லை.

கேள்வி: கேபினெட்டைத் தொட்டா சுருக்குனு கரண்ட் அடிக்குது. இதுவும் காரணமா இருக்குமா?

பதில்: எர்த் இல்லை. கிராஷை விடுங்கள், இன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதுவரை ஆன் பண்ணவே வேண்டாம்.

கேள்வி: தம்பி, எனக்கு இதெல்லாம் தெரியாது. பையன் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்னுபோகுது. கடையில போர்டு, ரேம், கார்டு மூணையும் மாத்தணும்னு சொல்றாங்க. கடன் வாங்கித்தான் மாத்தணும். என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, இப்போதைக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மூன்று பாகம் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம். எது கெட்டது என்று கண்டுபிடிக்காமல் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. ‘எந்தப் பாகம் கெட்டது, என் கண் முன்னால் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அவர்களிடம் இருக்கும் நல்ல ரேமை இதில் மாட்டிக் காட்டலாம், இந்தக் கார்டை வேறு மெஷினில் ஓட்டிக் காட்டலாம். காட்ட மறுத்தால் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். நின்றுபோகும்போது பையனை போனில் ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், சத்தமும் பதிவாகட்டும். அதைப் பார்த்துவிட்டு எதில் தொடங்கலாம் என்று நானே சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, முதல்ல கேட்டவன்தான். 60-க்கு லாக் பண்ணி, பவர் லிமிட்டும் குறைச்சேன். ரெண்டரை மணி நேரம் ஓடுச்சு, ஆஃப் ஆகல! இப்ப புது எஸ்எம்பிஎஸ் வாங்கிடவா?

பதில்: பொறு தம்பி. முதலில் கார்டின் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார். பழுப்பு தெரிந்தால் அந்த ஒயரை மறுபடி மாட்டவே கூடாது. சுத்தமாக இருந்தால் யூபிஎஸ்ஸை மட்டும் எடுத்துவிட்டு, லாக்கை நீக்கி, பவர் லிமிட்டையும் பழையபடி ஏற்றி ஓட்டு. அணைந்தால் அடுத்தது எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த இரண்டு தனி ஒயர். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், இரண்டைச் சேர்த்துச் செய்யாதே. இதற்குப் பிறகும் அணைந்தால் நண்பரிடம் எஸ்எம்பிஎஸ் ஒரு நாள் இரவல் வாங்கு, அதன் ஒயர்களையும் சேர்த்தே வாங்கு. பிளக் ஒரே மாதிரி இருந்தாலும் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயர் இன்னொன்றுக்குப் பொருந்தாது, மாற்றி மாட்டினால் கார்டே எரிந்துவிடும்.