பாசிக்குடா: கடல்பக்க அறைக்குக் காசு, கிடைச்சது தோட்டப்பக்கம்

இலங்கையின் கிழக்குக் கரையில இருக்கிற பாசிக்குடா ஹோட்டல்ல, கடல்பக்க அறைக்குக் காசு கட்டியும் தோட்டப்பக்க அறை தந்தாங்க, உள்ளே பூஞ்சண மணம் எண்டு எழுதியிருக்கீங்க. முதல்ல பெட்டியைத் திறக்க வேணாம். சுவர், மெத்தை, ஜன்னல் காட்சி மூண்டையும் போட்டோ எடுத்து, முன்பதிவோட வரவேற்பு மேசையில காட்டுங்க. விடிஞ்சு சொன்னா "தங்கிட்டீங்களே" எண்டுவாங்க.

மாத்த அறை இல்லையெண்டா விலை வித்தியாசத்தைப் பில்லில கழிக்க எழுத்தில வாங்குங்க. அதுக்குரிய 10% சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்து கழியோணும்; கனபேர் இதைத்தான் விடுறது.

மணம் வாறது ஈரத்தால. சாவி அட்டையை உருவினா ஏசி நிண்டுடும், பூட்டிக்கிடந்த அறை வேர்க்கும். ஏசி மூடியைத் தூக்கி உள்ள இருக்கிற வடியை (ஃபில்டர்) பாருங்க. கறுத்திருந்தா அண்டைக்கே கழுவித் தரச் சொல்லிக் கேளுங்க.

மார்கழியில கடல் கலங்கினதுக்குக் காசு கேட்க ஏலாது, அது வாடைக்காத்து. மத்ததுக்கு ஹோட்டல்காரர் மசியலையெண்டா பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுங்க, தொலைபேசி 1977.